கியர் ஸ்விட்ச் மாற்றினால் பழையதைக் கையில் கேட்டு வாங்குங்கள்

பெங்களூரில் ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள்.

போன மாத மழைக்குப் பிறகு எங்கள் பழைய கார், கியர் பார்க்கில் (P) இருந்தால் ஸ்டார்ட் ஆகவில்லை, நியூட்ரலுக்குத் தள்ளினால்தான் ஆனது. டேஷ்போர்டில் கியர் எழுத்தும் அவ்வப்போது காணாமல் போனது. ஓசூர் ரோட்டை ஒட்டிய ஒரு காரேஜில் விட்டேன். "கியர்பாக்ஸையே இறக்கணும் சார், எண்பதாயிரம் ஆகும்" என்றார்கள். ஸ்கேனரில் என்ன வந்தது, காட்டுங்கள் என்றேன். P0705. கியர் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் ஸ்விட்சில் கோளாறு என்பதற்கான குறியீடு அது. உடனே சுருதி இறங்கியது. புது ஸ்விட்ச், கூலி சேர்த்து 9,800 ரூபாய் கட்டி வண்டியை எடுத்து வந்தேன்.

அன்று சாயங்காலமே ரிவர்ஸ் விளக்கு எரியவில்லை. அதற்கும் இதே ஸ்விட்ச்தான். பேஸ்மென்ட்டில் மனைவியை உள்ளே உட்காரவைத்து, ரிவர்ஸில் போடச் சொல்லி, நான் பின்னால் நின்று பார்த்தேன். எஞ்சின் ஆஃபில்தான் இருந்தது. சாவியை அவள் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பிவிட்டாள். எஞ்சின் பிடித்து வண்டி என் மேலேயே வந்தது. பம்பர் முட்டியில் இடித்த பிறகுதான் அவள் பிரேக்கை மிதித்தாள். எனக்குப் பின்னால் தூண். ரிவர்ஸில் ஸ்டார்ட்டே ஆகக் கூடாது, அதைத் தடுக்கத்தான் அந்த ஸ்விட்ச்!

அல்சூரில் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் போனேன். பேட்டரி ட்ரேயைக் கழற்றி டார்ச் அடித்தார். "சார், இது புதுசே இல்ல. பழசைக் கழுவி மாட்டியிருக்காங்க." கனெக்டர் இடுக்கில் பல வருஷ எண்ணெய்க் கறை அப்படியே இருந்தது, பின்களில் பச்சை பூத்திருந்தது. ஸ்விட்சின் போல்ட் ஓட்டை நீளவாக்கில் இருக்கும். கியரை நியூட்ரலில் வைத்து, குறியோடு குறி சேர்த்துத்தான் இறுக்க வேண்டும். அவர்கள் கோணலாக இறுக்கியிருந்தார்கள். ஜே.சி. ரோட்டில் புது ஸ்விட்ச் வாங்கிக் கொடுத்தேன், ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது.

காரேஜில் கேட்டால் புதுசுதான் போட்டோம் என்று சாதிக்கிறார்கள். பில்லில் "எலக்ட்ரிக்கல் வேலை" என்று ஒரே வரி. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன்.

நீங்கள் மாற்றினால் பழைய ஸ்விட்சைக் கையில் வாங்குங்கள், பில்லில் பார்ட் நம்பர் எழுதச் சொல்லுங்கள். அப்புறம், காரேஜை விட்டுக் கிளம்பும் முன் ஹேண்ட்பிரேக் போட்டு, பிரேக்கை நன்றாக மிதித்துக்கொண்டு, ரிவர்ஸிலும் டிரைவிலும் சாவியைத் திருப்பிப் பாருங்கள். ஸ்டார்ட் ஆனால் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். அந்த நேரத்தில் முன்னாலும் பின்னாலும் யாரையும் நிற்க விடாதீர்கள்.