வேளச்சேரி வாடகைக் கடை: கூடாரம் சரி, அடுப்புதான் சொதப்பல்

ஜூன் தொடக்கத்தில் இமாச்சலப் பிரதேசத்து மலைப் பள்ளத்தாக்கான ஸ்பிதிக்குக் காரிலேயே போய் வழியில் கூடாரம் போட்டுத் தங்கத் திட்டமிட்டு, வேளச்சேரியில் ஒரு கடையில் சாமான்களை வாடகைக்கு எடுத்தேன். கூடாரம் அருமை. தூங்கும் பை எத்தனை டிகிரி தாங்கும் என்று கேட்டால் "நல்லாத் தாங்கும் சார்" என்பதுதான் பதில் (நமக்குக் கொடைக்கானலே குளிர்தானே!). அடுப்புக்குத் தந்தது வெறும் பியூட்டேன் கேன். அதன் கொதிநிலையே மைனஸ் 0.5 டிகிரி, குளிர ஆரம்பித்தால் அழுத்தம் விழுந்து தீ மினுங்கும், விடியற்காலையில் காபித் தண்ணீர் சூடாகவே அரை மணி நேரம் ஆனது. புரொபேன் கலந்த கேனாகக் கேட்டு வாங்குங்கள். அப்புறம், மணாலியிலிருந்து ஸ்பிதிக்குப் போகும் வழியிலுள்ள குன்சும் கணவாய் 4,500 மீட்டருக்கு மேல், பனி அகற்றி எப்போது திறப்பார்கள் என்று நம்ப முடியாது, தேதி தள்ளினால் வாடகை எவ்வளவு என்று முன்பே பேசிவிடுங்கள். எனக்கு இரண்டு நாள் கூடுதலாகப் போட்டுவிட்டார்கள்.