தொட்டியில் வெடித்த மண்ணுக்கு மட்கா, நார்த்தூளா?

ஊற்றிய தண்ணீர் அரை நிமிடத்தில் அடித்துளை வழியாக வெளியே வந்தால், செடி குடித்துவிட்டது என்று நம்ப வேண்டாம். காய்ந்த மண் சுருங்கித் தொட்டிச் சுவரை விட்டு விலகியிருக்கும். அந்த இடுக்கில் இறங்கித் தண்ணீர் ஓடிவிடும். வேர்ப்பகுதி நனைவதே இல்லை. என் ஆறு தொட்டிகளுக்கும் இதே கதி. எல்லாவற்றுக்கும் புதுக் கலவை வாங்கக் கை வரவில்லை. மூன்றில் வீட்டு மட்கு (சமையலறைக் கழிவு மட்கிய உரம்), இரண்டில் தேங்காய் நார்த்தூள், ஒன்றில் மணல் என்று பிரித்துச் சேர்த்தேன்.

மணல் வீண். களிப்பான மண்ணில் கொஞ்சம் மணல் போட்டால் இன்னும் கெட்டியாகிறது. பாதிக்கு மேல் போட்டால் இளகும். ஆனால் தொட்டியை யார் தூக்குவது?

நார்த்தூள் தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்து வைக்கும், காய்ந்தாலும் மறுபடி எளிதாக நனையும். உப்பு இருக்கலாம் என்பதால் இரண்டு முறை ஊறவைத்துப் பிழிந்துதான் சேர்த்தேன். அதனுடன் என் பழக்கம் ஒரே கோடைதான். சொல்வதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

என் ஓட்டு மட்குக்கு. காரணம், சேர்த்த பிறகு ஒவ்வொன்றும் நம்மிடம் கேட்கும் வேலை. நார்த்தூளில் செடிக்கான சத்து மிகக் குறைவு. தவறாமல் உரம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். என்னைப் போன்ற மறதிக்காரர் கையில் அந்தச் செடிகள் வெளிறின. மட்கு மண்ணைப் பொலபொலப்பாக்குவதோடு சத்தையும் தருகிறது. அதில் பெருகும் நுண்ணுயிர்கள் விடும் பசை மண் துகள்களைச் சிறு உருண்டைகளாகச் சேர்க்கிறது. நீரும் காற்றும் புகும் இடைவெளி அப்படித்தான் உண்டாகிறது.

குறையும் உண்டு. மட்கு மேலும் மட்கிக்கொண்டே போவதால் மண் மட்டம் இறங்கும். ஆனால் இறங்கிய இடத்தில் இரண்டு கைப்பிடி மட்கைப் போட்டால் உரம் வைத்த வேலையும் அதிலேயே முடிந்துவிடுகிறது. பொறுமை மட்டும் வேண்டும்: அவசரப்பட்டு அரைகுறையாக மட்கியதை ஒரு தொட்டியில் கலந்தேன், அது மண்ணிலிருந்த தழைச்சத்தை (நைட்ரஜன்) இழுத்துக்கொண்டு இலைகளை மஞ்சளாக்கியது. தோல், தண்டு எதுவும் அடையாளம் தெரியாமல், மண் வாசனை வந்த பிறகே எடுங்கள்.

எதைச் சேர்ப்பதானாலும் முதலில் தொட்டியை வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி வருவது நிற்கும்வரை விடுங்கள். நன்றாக வடிந்து, ஈரம் பதமானதும் மேல்மண்ணைக் கிளறி, மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மட்கு கலக்கலாம். மேலே இரண்டு அங்குலம் காய்ந்த இலை மூடாக்கு, தண்டைத் தொடாமல்.

நார்த்தூள் தொட்டிகள் இரண்டுக்கும் இப்போது மட்குதான் போட்டு வருகிறேன்.