பல்லுக்குக் கேப் போட்டு 12 ஆண்டுகள்: நான் கண்டது

கேப் என்பது பல்லின் மேல் மாட்டி ஒட்டும் உறை. அதைப் போடாமல் விட்ட பல்லைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். 2011இல் கீழ்வரிசை இடப்பக்கக் கடைவாய்ப் பல்லில் சொத்தை ஆழமாகப் போய், இரவெல்லாம் தூங்க விடாத வலி. ரூட் கெனால் செய்தார்கள், அதாவது பல்லின் வேருக்குள் கெட்டுப்போன நரம்பை எடுத்துவிட்டு அடைத்தார்கள். மூன்று முறை போய் வந்ததில் வலி அடியோடு நின்றுவிட்டது. “ஒரு மாதத்துக்குள் வந்து கேப் போட்டுக்கொள்ளுங்கள், விட்டால் பல் உடைந்துவிடும்” என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டும் சமயம் அது. வலிதான் போய்விட்டதே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். எட்டு மாதம் கழித்து, கல்யாண வீட்டிலிருந்து வந்த சீப்புச் சீடையைக் கடித்தபோது ‘டக்’கென்று ஒரு சத்தம். வலியே இல்லை. நாக்கால் தொட்டுப் பார்த்தால் பல் இரண்டு துண்டாக ஆடுகிறது. விரிசல் ஈறுக்குக் கீழே வேர் வரை இறங்கிவிட்டது, இனி பிடுங்குவதைத் தவிர வழியில்லை என்றார்கள். ஆறு வயதில் முளைத்த பல். அதைக் காப்பாற்றத்தான் மூன்று முறை நாற்காலியில் படுத்தேன், செலவழித்தேன். அத்தனையும் வீணாகப் போனது இன்றைக்கும் மனசை உறுத்துகிறது.

ஏன் உடைந்தது என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். ரூட் கெனால் செய்யும்போது சொத்தையைச் சுரண்டி எடுக்கிறார்கள். வேருக்குள் போவதற்காகப் பல்லின் மேல்பக்கத்தில் ஒரு வழியும் திறக்கிறார்கள். மிஞ்சுவது மெல்லிய சுவர்களும் நடுவில் அடைத்த சிமெண்டும்தான். நாம் மெல்லும் ஒவ்வொரு முறையும் அந்தச் சுவர்கள் வெளிப்பக்கமாகத் தள்ளப்படுகின்றன. அடைப்பு பள்ளத்தை நிரப்பும், சுவரைச் சேர்த்துப் பிடிக்காது. கேப் வெளியிலிருந்து சுற்றி வளைத்துப் பிடிக்கிறது. மரத்தில் செய்த வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை இறக்குவார்களே, அந்த வேலைதான். முன்பல்லுக்கு இவ்வளவு பாரம் வராது, அதனால் ரூட் கெனால் செய்த எல்லா முன்பல்லுக்கும் கேப் கட்டாயமில்லை. கடைவாய்ப் பல் என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

அதனால் 2013இல் வலப்பக்கக் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் வந்தபோது, முடித்த மூன்றாவது வாரமே கேப்புக்குப் போய்விட்டேன். அப்போது எனக்குச் சொன்னது, உள்ளே உலோகமும் மேலே பீங்கானும் வைத்த ரகம். ரூட் கெனாலுக்கு 2,500 ரூபாய், கேப்புக்கு 3,000 ரூபாய்.

எல்லோரும் பயப்படுவது பல்லை ராவும் நாளைத்தான். நரம்பு எடுத்த பல் என்பதால் பல்லில் வலி இல்லை. ஈறு மரத்துப் போக மட்டும் ஓர் ஊசி போட்டார்கள். மேல்பக்கம் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர், சுற்றிலும் அதைவிடக் கொஞ்சம் குறைவாக ராவினார்கள். கேப்பின் கனத்துக்கு இடம் விட வேண்டும், இல்லையென்றால் கடிக்கும்போது அந்தப் பல் மட்டும் உயர்ந்து நிற்கும். ராவி முடித்ததும் நாக்கால் தொட்டால் ஒரு சின்ன முளைக்குச்சிதான் இருந்தது. அந்த நேரத்தில் ஒரு கலக்கம் வரத்தான் செய்தது, மறைக்கவில்லை. ராவிய பல் திரும்ப வளராது. இதனால்தான் ஒன்று சொல்கிறேன்: சிறிய சொத்தைக்கு அடைப்பு போதும் என்றால் அடைப்போடு நிறுத்துங்கள். பல் வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்பதற்காக மட்டும் நல்ல பற்களை ராவிக் கேப் போடச் சொன்னால் இன்னொரு டாக்டரிடமும் கேளுங்கள்.

ராவியதும் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு மெல்லிய நூலைச் செருகினார்கள். பல்லின் விளிம்பு அளவில் தெளிவாகப் பதிய ஈறு கொஞ்சம் விலக வேண்டுமாம். பிறகு களிமண் மாதிரி பிசைந்த ஒன்றை வைத்துச் சில நிமிடம் கடித்திருக்கச் சொன்னார்கள். குமட்டல் வரும், மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் சமாளிக்கலாம். ஆய்வகத்திலிருந்து கேப் வர ஒரு வாரம். அதுவரை பிளாஸ்டிக்கில் தற்காலிகக் கேப். அதை ஒட்டிய சிமெண்டில் கிராம்பு வாசம் வந்தது. கிராம்பு எண்ணெயில் இருக்கும் யூஜினால்தான் அதில் கலந்திருக்கிறது. பாட்டி பல்வலிக்குக் கிராம்பு வைத்து அழுத்தச் சொன்னது நினைவுக்கு வந்தது.

உண்மையான கேப்பை ஒட்டிய அன்று நீலத் தாளைப் பல்லுக்கு நடுவே வைத்துக் கடிக்கச் சொல்லி, கறை படிந்த இடத்தைத் தேய்த்துச் சரி செய்தார்கள். மரத்த வாய் என்பதால் எனக்கும் சரியாக இருப்பது போலத்தான் இருந்தது. மறுநாள் இட்லி மெல்லும்போதே அந்தப் பல் முதலில் இடித்தது. இரண்டாம் நாள் வலியே வந்துவிட்டது. பழகிவிடும் என்று பொறுத்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். ஒரு முடியின் கனம் உயர்ந்திருந்தாலும் பல் அதைக் காட்டிக்கொடுக்கும், போய்ச் சொன்னால் இரண்டு நிமிட வேலை. அன்று தேய்த்துவிட்டார்கள், அதன்பிறகு அது செயற்கைப் பல் என்ற நினைப்பே இல்லாமல் போனது. இடப்பக்கம் பல் இல்லாததால் இரண்டு ஆண்டாக ஒரு பக்கமாகவே, அதுவும் பயந்து பயந்து மென்றுகொண்டிருந்தவள் நான். நொறுங்கத் தின்றால் நூறு வயது என்பார்கள். மீண்டும் சோளம், கொய்யா, வேர்க்கடலை என்று சாப்பிட முடிந்ததே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

ஆறு ஆண்டுகள் எந்தத் தொல்லையும் இல்லை. 2019இல் நாக்குப் பக்கம் பீங்கான் ஒரு சில்லு பெயர்ந்தது. உள்ளே உலோகம் கறுப்பாகத் தெரிந்தது, விளிம்பு நாக்கைக் கீறியது. மழுங்கத் தேய்த்து மெருகு போட்டதும் சரியாகிவிட்டது. இந்த ரகத்தில் பீங்கான் பெயர்வது அடிக்கடி நடப்பதுதான். ஈறு கொஞ்சம் இறங்கியபோது அடியில் ஒரு கருங்கோடும் தெரிய ஆரம்பித்தது. கடைவாய் என்பதால் யார் கண்ணிலும் படவில்லை.

பெரிய பிரச்சினை 2022இல் வந்தது. அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இது யாரும் எனக்கு முன்கூட்டி அழுத்திச் சொல்லாத விஷயம். பல்லிடுக்கில் நூல் விட்டுச் சுத்தம் செய்யும்போது அந்த இடத்தில் மட்டும் நூல் பிசிறு பிசிறாக அறுந்து வந்தது. மோந்து பார்த்தால் கெட்ட வாடை. வலி கொஞ்சமும் இல்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில், கேப்பின் விளிம்பு பல்லோடு சேரும் இடத்தில் சொத்தை விழுந்து உள்ளே போயிருந்தது.

கேப் சொத்தையாகாது. ஆனால் அதன் அடியில் இருப்பது நம் பல், அது சொத்தையாகும். கேப் முடிந்து பல் தொடங்கும் அந்த மெல்லிய கோடு ஈறின் ஓரத்தில் இருக்கிறது, அழுக்கு தங்குவதும் அங்கேதான். நரம்பு எடுத்த பல்லுக்கு வலிக்கவும் தெரியாது. உள்ளே கரைந்துகொண்டிருந்தாலும் நமக்குச் செய்தி வராது. கேப் போட்டாயிற்று, இனி அந்தப் பல்லைப் பற்றிக் கவலையில்லை என்று ஒன்பது ஆண்டு நினைத்திருந்தேன். அந்தப் பக்கம் நூல் விடுவதே மாதத்துக்கு ஒருமுறைதான். ஆண்டுக்கு ஒரு தடவை காட்டியிருந்தால் ஆரம்பத்திலேயே பிடித்திருக்கலாம்.

பழைய கேப்பை முழுதாகக் கழற்ற முடியாது, அறுத்துப் பிளந்துதான் எடுப்பார்கள். அரை மணி நேரம் ஆனது. சொத்தையை எடுத்த பிறகு எவ்வளவு பல் மிஞ்சும் என்பதுதான் எல்லோர் முகத்திலும் இருந்த கேள்வி. ஈறுக்கு மேல் நல்ல பல்லின் சுவர் சுற்றிலும் 2 மில்லிமீட்டராவது நின்றால்தான் புதுக் கேப்புக்குப் பிடிமானம் கிடைக்கும். எனக்கு மூன்று பக்கம் இருந்தது, ஒரு பக்கம் குறைந்தது. அங்கே ஈறைச் சிறிது வெட்டி இறக்கி, வேருக்குள் ஒரு ஃபைபர் கம்பி வைத்து, மேலே அடைப்பால் பல்லைக் கட்டி எழுப்பினார்கள். நாள் இன்னும் கடந்திருந்தால் இந்தப் பல்லையும் இழந்திருப்பேன்.

இந்த முறை உள்ளே உலோகம் இல்லாத, சிர்கோனியா என்ற வெள்ளை ரகத்தைப் போட்டுக்கொண்டேன், 11,000 ரூபாய். களிமண் இல்லை, குமட்டல் இல்லை, சின்ன கேமரா ஒன்றை வாய்க்குள் சுற்றிப் படமெடுத்தே அளவு எடுத்துவிட்டார்கள். சுண்ணாம்புக் கட்டி போல மென்மையாக இருக்கும் வில்லையிலிருந்து இயந்திரம் கேப்பைக் குடைந்து எடுக்குமாம். அப்போது அது உண்மையான அளவைவிடப் பெரிதாக இருக்கும். ஏறக்குறைய 1,500 டிகிரி செல்சியஸ் சூளையில் சுடும்போது ஐந்தில் ஒரு பங்கு சுருங்கி, சரியான அளவுக்கும் கல் போன்ற உறுதிக்கும் வருகிறது. முழுக்க ஒரே பொருள் என்பதால் பீங்கான் பெயரும் தொல்லை இல்லை, அடியில் கருங்கோடும் வராது. மூன்று ஆண்டுகளாக ஒரு கீறல்கூட இல்லை. ஒன்றை மட்டும் கேட்டு வாங்குங்கள். ஒட்டும்போது கடி சரிபார்த்துத் தேய்த்தால், தேய்த்த இடத்தை மறுபடி நன்றாக மெருகு போடச் சொல்லுங்கள். சொரசொரப்பாக விட்டால் எதிர்ப்பல் தேய்ந்துபோகும்.

கூடவே பத்து ஆண்டு உத்தரவாத அட்டை ஒன்றும் தந்தார்கள். என்னுடையதைப் படித்துப் பார்த்தேன். அது கேப் உடைந்தால் மட்டும்தான். அடியில் பல் சொத்தையானால், ஈறு கெட்டால் எதுவும் கிடைக்காது. அதனால் ஆண்டுக் கணக்கைப் பார்த்து ரகத்தைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. விளிம்பு ஈறோரத்தில் இடைவெளி இல்லாமல் உட்காருகிறதா என்று நேரம் எடுத்துப் பார்க்கிற கைதான் முக்கியம்.

நடுவில் 2017இல் முன்பல் ஒன்றும் சேர்ந்துகொண்டது. படியில் வழுக்கி விழுந்ததில் மேல்வரிசை முன்பல் பாதி உடைந்து, நாளாக நாளாகச் சாம்பல் நிறமாகிவிட்டது. நான் தமிழாசிரியை. நாற்பது பிள்ளைகள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை. வாயைப் பொத்திக்கொண்டு பேச ஆரம்பித்திருந்தேன். அதற்கு இ-மேக்ஸ் என்ற கண்ணாடிப் பீங்கான் கேப். ஒளி ஊடுருவுவதால் இயற்கைப் பல் போலவே இருக்கிறது. ஊடுருவுவதால்தான் அடியிலிருக்கும் சாம்பல் பல் தெரிந்துவிடும் ஆபத்தும் உண்டு, எனக்குக் கொஞ்சம் மங்கலான ரகத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். நிறம் பார்க்க 16 மாதிரிப் பற்கள் கொண்ட அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, வேலை தொடங்கும் முன்பே பார்த்தார்கள். வாயைத் திறந்தே வைத்திருந்து பல் உலர்ந்துவிட்டால் வெளுத்துத் தெரியும், அப்போது பார்த்தால் நிறம் தப்பிவிடும்.

முதல் வாரம் ‘த’வும் ‘ந’வும் எனக்குச் சரியாக வரவில்லை. நாக்கின் நுனி மேற்பல்லின் அடியைத் தொட்டுப் பிறக்கும் ஒலிகள் அவை என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பவள், என் வாயிலேயே அதை உணர்ந்தேன். கேப்பின் உட்பக்கம் சற்றுக் கனமாக இருந்திருக்கிறது. சொன்னதும் மெலிதாக்கித் தந்தார்கள். இப்போது எந்தப் பல் என்று என் கணவருக்கே தெரியாது. அந்தப் பல்லால் கொய்யாவையோ கரும்பையோ கடிப்பதில்லை, நறுக்கித்தான் சாப்பிடுகிறேன்.

2022க்குப் பிறகு என் வழக்கம் மாறிவிட்டது. இரவு பல் துலக்கிய பின் கேப் போட்ட இரண்டு பற்களின் ஓரத்திலும் நூல் விடுகிறேன், இடைவெளி உள்ள இடத்தில் சின்னப் பிரஷ். ஆண்டுக்கு ஒருமுறை எக்ஸ்ரே. தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் பழக்கம் எனக்கு உண்டு என்று எதிர்ப்பல்லின் தேய்மானத்தைப் பார்த்துக் கண்டுபிடித்ததால், இரவில் ஒரு பிளாஸ்டிக் உறையும் மாட்டிக்கொள்கிறேன். பழக மூன்று வாரம் ஆனது.

இடப்பக்கம் 2011இல் போன பல்லின் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அதற்கு மேலே உள்ள பல், எதிரே தாங்க ஒன்றுமில்லாமல் கீழே இறங்கத் தொடங்கியிருக்கிறது. பிரிட்ஜ், அதாவது பக்கத்துப் பற்களில் தாங்கி நிற்கும் செயற்கைப் பல் போட்டால் இருபுறமும் உள்ள நல்ல பற்களை ராவ வேண்டும் என்பதால் வேண்டாம் என்றுவிட்டேன். அடுத்த மாதம் தாடை எலும்பில் பதிக்கும் செயற்கை வேரான இம்பிளாண்ட் வைக்கிறார்கள், எலும்பு பிடித்த பிறகு அதன் மேலும் ஒரு கேப் வரும். அதில் ஓராண்டு மென்று பார்த்துவிட்டு மீண்டும் எழுதுகிறேன்.