ஏழு ஆண்டுகளாகப் பையில் சுமந்தவை: எவை நிலைத்தன, எவை எங்கே உடைந்தன

வாசற்கதவைச் சாத்துவதற்கு முன் சட்டைப் பையையும் கால்சட்டைப் பையையும் ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொள்வது என் வழக்கம். பர்ஸ், சாவி, கைப்பேசி மூன்றும் கையில் தட்டுப்பட்டால்தான் கால் நகரும். இவை தவிர, தோள்பையில் ஒரு பவர் பேங்க், அதற்கான கேபிள், மடக்குக் குடை, பேனா, தண்ணீர் பாட்டில், கட்டைவிரல் பருமனில் ஒரு டார்ச் ஆகியவை எப்போதும் இருந்துவந்தன. ஏறத்தாழ ஏழு ஆண்டுகளாக இந்தப் பட்டியல் பெரிதாக மாறவில்லை; அதில் உள்ள பொருள்கள்தாம் ஒவ்வொன்றாக மாறின. வாங்கிய வாரத்தில் எல்லாப் பொருளும் நன்றாகத்தான் இருக்கும் என்பதால், மூன்றாம் ஆண்டிலும் நான்காம் ஆண்டிலும் அவை என்ன ஆயின என்பதையே இங்கே எழுதுகிறேன். நான் தூக்கிப்போட்டவற்றில் பெரும்பாலானவை மடங்கும் இடத்திலோ இரண்டு பாகங்கள் சேரும் இடத்திலோதான் கைவிட்டன.

முதல் பர்ஸ் தோலைப் போலவே இருந்தது. உண்மையில் அது துணியின் மேல் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கைப் பூசியது. இரண்டு ஆண்டுகள் வரை குறை சொல்ல ஒன்றுமில்லை. அதன் பிறகு மடிப்பின் மேல் மயிரிழை போல வெடிப்புகள் தோன்றின. சில மாதங்களில் மேற்பூச்சு செதில் செதிலாக உரிந்து, பணத்தை எடுக்கும்போதெல்லாம் விரல் நுனியில் கறுப்புத் துகள்கள் ஒட்டத் தொடங்கின. நான் முரட்டுத்தனமாகப் பயன்படுத்திவிட்டேனோ என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஈரப்பதம் பட்டுப்பட்டுப் பாலியூரித்தேனின் மூலக்கூறுப் பிணைப்புகள் அறுபடுவதுதான் காரணம். வியர்வையும் உடற்சூடும் சேரும் கால்சட்டைப் பையில் அது விரைந்து நடக்கிறது, அலமாரியில் பூட்டி வைத்தாலும் மெல்ல நடந்துகொண்டேதான் இருக்கும். உரியத் தொடங்கிய பிறகு எந்த மெருகும் அதைக் காப்பாற்றாது.

அடுத்து வாங்கிய முழுத்தோல் பர்ஸ் நான்கு ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. நிறம் கருத்து, விளிம்புகள் மழுங்கி, என் பையின் வடிவத்துக்கே வளைந்துவிட்டது. ஒரு மூலையில் தையல் விட்டபோது மீண்டும் தைக்க முடிந்தது. பூச்சுப் பர்ஸில் தைப்பதற்குப் பிடிமானமே இருக்காது.

பர்ஸின் தடிமனைப் பற்றியும் சொல்ல வேண்டும். வங்கி அட்டைகளின் அளவு உலகம் முழுவதும் ஒன்றுதான்: 85.60 மில்லிமீட்டர் நீளம், 53.98 மில்லிமீட்டர் அகலம், 0.76 மில்லிமீட்டர் தடிமன். என்னிடம் 11 அட்டைகள் இருந்தன. அவை மட்டுமே 8 மில்லிமீட்டருக்கு மேல் வந்தன. அவற்றுள் மாதம் ஒருமுறையாவது நான் வெளியில் எடுத்தவை மூன்றே. அந்தப் பொதியைப் பின்பையில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் அமர்ந்ததில் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்து வலியெடுத்தது. எட்டு அட்டைகளை எடுத்து வைத்துவிட்டு, பர்ஸை முன்பைக்கு மாற்றிய பிறகு அந்த வலி திரும்பவில்லை.

பர்ஸில் ரசீதுகளைச் சேர்த்து வைப்பதையும் விட்டுவிட்டேன். இப்போதைய ரசீதுகளில் பல, சூடு பட்டால் கறுக்கும் பூச்சுள்ள தாளில் மையில்லாமல் அச்சாகின்றன. உடற்சூட்டிலும் உராய்விலும் எழுத்து வெளிறிவிடுகிறது. உத்தரவாதக் காலம் முடிவதற்குள் குடை உடைந்தபோது, பத்திரமாக மடித்து வைத்திருந்த ரசீதைப் பிரித்தேன், வெற்றுத்தாளாக இருந்தது. இப்போது வாங்கியவுடன் படம் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

குடையைப் பற்றித்தான் எனக்கு மிக அதிகமாகச் சொல்ல இருக்கிறது. முதல் குடை மூன்றாக மடங்குவது, பொத்தானை அழுத்தினால் விரியவும் சுருங்கவும் கூடியது. பையில் அடங்குவதற்காக ஒவ்வொரு கம்பியையும் பல துண்டுகளாக்கி, சிறு ஆணிகளால் கோத்திருப்பார்கள். எட்டுக் கம்பிகள் என்றால் அத்தகைய மூட்டுகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். மடிப்பு கூடக் கூட உடையக்கூடிய இடங்களும் கூடுகின்றன. நனைந்த குடையை உறைக்குள் அப்படியே திணித்து வைத்த என் சோம்பலால் அந்த ஆணிகள் துருப்பிடித்தன. ஒருநாள் எதிர்காற்றில் குடை மேல்நோக்கிப் புரண்டது. நிமிர்த்தும்போது நடுத்துண்டு ஒன்று மடிந்து, துணி ஒரு பக்கம் தளர்ந்து தொங்கியது.

இரண்டாவது குடையில் வெளிக்கம்பிகள் கண்ணாடியிழையால் ஆனவை. அவை வளைந்து கொடுத்துப் பழைய நிலைக்குத் திரும்பிவிடுவதால் காற்றை நன்றாகவே தாங்கின. ஆனால் தானியங்கித் தண்டின் உள்ளே சுருள்வில்லைப் பிடித்து நிறுத்தும் கொக்கி மூன்றாம் ஆண்டில் தளர்ந்து, மூடிய குடை கைக்குள் நிற்காமல் தானாகத் துள்ளிப் பாய்ந்தது. கூட்டத்தில் அருகில் நின்றவரின் முழங்கையில் அது இடித்த அன்றே அதற்கு விடை கொடுத்தேன். இப்போது இருப்பது கையால் விரிக்கும் இரண்டு மடிப்புக் குடை. பையில் ஒரு சாண் கூடுதலாக இடம் பிடிக்கிறது. இருந்தாலும் எனக்கு இதுவே போதும். வீட்டுக்கு வந்ததும் விரித்து உலர்த்துகிறேன்.

பவர் பேங்கில் மக்கள் ஏமாறுவது எண்ணில்தான். 10,000 மில்லி ஆம்பியர் மணி என்று அட்டையில் எழுதியிருப்பது உள்ளே இருக்கும் மின்கலத்தின் 3.7 வோல்ட் கணக்கு. அதாவது 37 வாட் மணி ஆற்றல். அதைக் கைப்பேசிக்குக் கொடுக்கும் 5 வோல்ட்டுக்கு உயர்த்தும்போது கணக்குப்படியே 7,400 ஆகிறது. மாற்றும்போது சூடாக வீணாவதையும் கழித்தால் கைக்குக் கிடைப்பது 6,000 முதல் 6,500 வரைதான். 5,000 மில்லி ஆம்பியர் மணி மின்கலம் கொண்ட என் கைப்பேசியை அது இரண்டு முறை நிரப்பவில்லை என்று முதலில் குறைபட்டுக்கொண்டேன். ஒன்றரை முறையை அது நெருங்கியதே நேர்மையான கணக்கு. விமானத்தில் பொதுவாக 100 வாட் மணி வரை கைப்பையில் அனுமதிக்கிறார்கள். சரக்காக ஏற்றும் பெட்டிக்குள் வைக்கக் கூடாது.

முதல் பவர் பேங்கை எப்போதும் முழுதாக ஏற்றியே வைத்திருந்தேன்; வெயிலில் நின்ற வாகனத்துக்குள்ளும் பலமுறை விட்டிருக்கிறேன். லித்தியம் மின்கலத்துக்கு இவை இரண்டுமே ஆகாதவை. மூன்றாம் ஆண்டில் அதன் உறை நடுவில் லேசாகப் புடைத்து, மேசையில் வைத்தால் தட்டையாக உட்காராமல் ஆடியது. உள்ளே வாயு உருவாகிவிட்டது என்பதற்கு அதுவே அறிகுறி. மீண்டும் மின்னேற்றாமல் மின்கழிவு வாங்குமிடத்தில் ஒப்படைத்துவிட்டேன். இப்போதைய பவர் பேங்கை நீண்ட நாள் எடுக்காதபோது பாதி நிரப்பி வைக்கிறேன்; மூன்று ஆண்டுகளாகத் தட்டையாகவே இருக்கிறது.

சாவி வளையத்தில் சொல்ல அதிகமில்லை. மெலிந்த வளையம் நாளடைவில் வாய் திறந்து, ஒரு சாவி எங்கோ விழுந்துவிட்டது. தடித்த எஃகு வளையத்துக்கு மாறியபின் அந்தத் தொல்லை இல்லை. மாற்றுச் சாவி வெட்டும்போது மூலச் சாவியைக் கொண்டு வெட்டுவது நல்லது. நகலிலிருந்து நகல் எடுத்த என் சாவி ஒவ்வொரு முறையும் பூட்டோடு மல்லுக்கட்டியது.

இரட்டைச் சுவர் எஃகு பாட்டிலில் உடல் அப்படியே இருக்கிறது, மூடியின் சிலிக்கோன் வளையம் மட்டும் இரண்டு முறை மாறியது. வெந்நீர் ஊற்றியதும் வெளிச்சுவர் சுட்டால் இடையில் இருந்த வெற்றிடம் போய்விட்டது என்று பொருள். அதன் பிறகு அது வெறும் கனமான பாட்டில். பேனாவில் அழுத்தும் பொத்தான் வகையை விட்டு மூடி வகைக்குத் திரும்பிவிட்டேன். சட்டைப் பையில் மைக்கறை படிவது நின்றது. டார்ச்சைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டேன். பல மாதங்கள் தொடாமல் கிடந்ததில் உள்ளிருந்த ஆல்கலைன் பேட்டரி கசிந்து, வெள்ளை உப்பு படிந்து, சுருள்வில்லை அரித்துவிட்டது. தேவைப்பட்ட இரவில் அது எரியவில்லை. கைப்பேசி விளக்குத்தான் உதவியது.

கேபிளை இதுவரை நான்கு முறை மாற்றியிருக்கிறேன், நான்கும் முனைக்கு அடுத்த கழுத்துப் பகுதியில்தான் முறிந்தன. துணி பின்னிய ஐந்தாவது கேபிளிலும் சென்ற வாரம் அதே இடத்தில் நூல் பிரிந்து உள்ளே வெள்ளை உறை தெரிகிறது. இன்னும் மின்னேற்றுகிறது, ஆனால் கைப்பேசியைக் குறிப்பிட்ட கோணத்தில் சாய்த்து வைக்க வேண்டியிருக்கிறது.