அறுவை மேசையில் நுரையீரல்: பீப் 5 போதுமா, 12 வேண்டுமா?

வயிற்றைத் திறந்து செய்யும் பெரிய அறுவை சிகிச்சைகளில் வென்டிலேட்டரை எப்படி வைப்பது என்பதில் மயக்கவியல் மருத்துவர்களிடையே இரு தரப்புகள் உண்டு. மூச்சு வெளியேறிய பிறகும் நுரையீரலுக்குள் நிறுத்தி வைக்கும் அழுத்தமே பீப். அதை 12 செ.மீ. நீர் அழுத்தம் வரை உயர்த்தி, இடையிடையே அதிக அழுத்தம் கொடுத்து, மூடிப்போன காற்றறைகளைத் திறந்துவிட வேண்டும் என்பது ஒரு தரப்பு. 5 போதும், நோயாளிக்குத் தேவையென்று தெரிந்தால் மட்டும் உயர்த்தலாம் என்பது மற்றொன்று. நான் இரண்டாவது வழியைத் தேர்ந்து, அதையே பின்பற்றி வருகிறேன்.

மூச்சின் அளவில் இரு தரப்புக்கும் பெரிய சண்டை இல்லை. உண்மையான உடல் எடையைப் பார்க்காமல், உயரத்தைப் பார்த்து இருக்க வேண்டிய எடையைக் கணக்கிட்டு, அதில் கிலோவுக்கு 6 முதல் 8 மில்லி வைக்க வேண்டும். எல்லோருக்கும் 500 மில்லி வைக்கும் பழக்கம் மட்டும் ஒழிய வேண்டும். 165 செ.மீ. உயர ஆணுக்கு அது கிலோவுக்கு 8 மில்லிதான், 150 செ.மீ. உயரப் பெண்ணுக்கோ பதினொன்றரை மில்லி.

உயர் பீப் தரப்புக்கு ஊக்கம் தந்தது 2013இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு. 400 நோயாளிகளில், சிறிய மூச்சும் 6 முதல் 8 வரை பீப்பும் அரைமணிக்கு ஒருமுறை காற்றறைத் திறப்பும் பெற்றவர்களில் 10.5 சதவீதத்தினருக்குப் பெரிய சிக்கல்கள் வந்தன. எதிர்க் குழுவில் 27.5 சதவீதம். வேறுபாடு மிகப் பெரியது. ஆனால் எதிர்க் குழுவுக்குக் கிடைத்தது 10 முதல் 12 மில்லி மூச்சும் பூஜ்ய பீப்பும். மிக மோசமான அமைப்பை விட்டால் நன்மை உண்டு என்பதை அது காட்டியது. பீப்பை ஏற்ற ஏற்ற நன்மை கூடும் என்று காட்டவில்லை. பின்னர் 2020இல், மெல்போர்னில் இரு குழுவுக்கும் பீப் 5 வைத்து 6 மில்லியையும் 10 மில்லியையும் ஒப்பிட்டபோது, நுரையீரல் சிக்கல்கள் 38, 39 சதவீதம் என ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. நான் சிறிய மூச்சைக் கைவிடவில்லை என்றாலும், பூஜ்ய பீப்பைத் தவிர்ப்பதே முதல் வேலை என்று எண்ண வைத்தது அந்த ஆய்வுதான்.

பீப்பின் அளவை நேரடியாக மோதவிட்டது 2014இல் வெளியான ப்ரோவ்ஹிலோ ஆய்வு. 900 பேருக்கும் 8 மில்லி மூச்சு; ஒரு பாதிக்கு 12 பீப்பும் திறப்பும், மறு பாதிக்கு 2க்கு மேல் போகாத பீப். நுரையீரல் சிக்கல் 40 சதவீதம், 39 சதவீதம். நுரையீரலுக்கு லாபமில்லை. ஆனால் உயர் பீப் குழுவில் ரத்த அழுத்தம் அதிகமாகச் சரிந்தது; அதை ஏற்ற மருந்தும் கூடுதலாகத் தேவைப்பட்டது.

என்னைப் பொறுத்தவரை இங்கேதான் தேர்வு முடிகிறது. மார்புக்குள் அழுத்தம் ஏறினால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. அறுவை மேசையில் கிடப்பவர் ஏற்கெனவே வெறும் வயிற்றுடன் வந்தவர். மயக்க மருந்து ரத்தக் குழாய்களைத் தளர்த்தியிருக்கும். முதுகுவழி மரத்துப்போகும் மருந்தான எபிட்யூரல் போட்டிருந்தால் இன்னும் தளர்ச்சி. ரத்தமும் இழந்துகொண்டிருப்பார். அந்த நேரத்தில் திறப்புக்காக அழுத்தத்தை ஏற்றினால் திரையில் ரத்த அழுத்தம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். உடனே கை, ரத்த அழுத்தத்தை ஏற்றும் எஃபெட்ரினுக்கோ மெஃபென்டெர்மினுக்கோ போகும், இல்லையென்றால் ஒரு பாட்டில் திரவம் ஏறும். மிகையான திரவம் குடலை வீங்க வைக்கும். நுரையீரலிலும் நீர் சேரும். நீடித்த தாழ் அழுத்தம் சிறுநீரகத்தையும் இதயத்தையும் பாதிக்கக் கூடியது. நுரையீரலைக் காக்க எடுத்த முயற்சி மற்ற உறுப்புகளை நெருக்கடியில் தள்ளுகிறது என்றால், அதை ஈடுசெய்யும் அளவுக்கு நுரையீரலில் நன்மை தெரிய வேண்டும். தெரியவில்லை.

உயர் பீப்புக்கு உண்மையான பலம் ஒன்று உண்டு. 2019இல் வெளியான ப்ரோபீஸ் ஆய்வில் உடல் பருமன் மிகுந்த இரண்டாயிரம் பேரில், அறுவையின்போது ஆக்சிஜன் குறைவது 12 பீப் குழுவில் 5 சதவீதம், 4 பீப் குழுவில் 13.6 சதவீதம். மேசையில் இருக்கும்வரை அது பெரிய நிம்மதி. அதன் பிறகான நுரையீரல் சிக்கல்கள் முறையே 21.3, 23.6 சதவீதம்; புள்ளியியல்படி வேறுபாடு இல்லை. வென்டிலேட்டர் குழாயை எடுத்ததும் திறந்த காற்றறைகள் மறுபடி மூடத் தொடங்குவதும் இதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அதனால்தான் தசைத் தளர்த்தி மருந்து முழுமையாக விலகியதை நரம்புத் தூண்டல் கருவியில் உறுதிசெய்வதும், வலியை அடக்கி நோயாளியை இருமவைப்பதும், சீக்கிரம் உட்காரவைப்பதும் பீப்பின் எண்ணை விட எனக்கு முக்கியமாகப் படுகின்றன.

பருமனானவர்களுக்கு லேப்ராஸ்கோப்பி செய்யும்போது, வயிற்றுக்குள் வாயு நிரப்பித் தலையைத் தாழ்த்தியதும் 5 பற்றாமல் போவதுண்டு. அப்போது 8, 10 என்று ஏற்றிப் பார்க்கிறேன். இழுப்பின் உச்சியில் மூச்சை நிறுத்தி அளக்கும் அழுத்தத்திலிருந்து பீப்பைக் கழித்தால் வரும் எண் குறைந்தால் அங்கேயே நிறுத்துகிறேன். குறையாவிட்டாலோ ரத்த அழுத்தம் சரிந்தாலோ பழைய இடத்துக்கே திரும்புகிறேன். ஒரு நுரையீரலை மட்டும் இயக்கிச் செய்யும் மார்பு அறுவைகளில் என் அனுபவம் குறைவு; மேலே சொன்ன எதையும் அப்படியே அங்கே பொருத்த வேண்டாம்.