என் ஆய்வுக் கட்டுரைகளின் மேற்கோள் கணக்கு: ஒன்பது ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

நாள்பட்ட சிறுநீரக நோயைப் பற்றி ஆய்வு செய்துவரும் மருத்துவன் என்ற முறையில், என் கட்டுரைகளின் பட்டியலையும் அவை பெறும் மேற்கோள்களையும் (பிற கட்டுரைகள் அவற்றை எத்தனை முறை சுட்டுகின்றன என்பதையும்) கூகுள் ஸ்காலர், ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் ஆகிய மூன்று தளங்களிலும் ஒன்பது ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். பதவி உயர்வுக்கும் ஆய்வு நிதிக்கும் விண்ணப்பிக்கும்போதெல்லாம் எச்-இன்டெக்ஸ் எவ்வளவு என்று கேட்கிறார்கள் என்பதற்காகவே தொடங்கினேன். இன்று அதைத் தொடர்வதற்குக் காரணம் வேறு.

எச்-இன்டெக்ஸ் என்ற அளவை இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் 2005இல் முன்வைத்தார். குறைந்தது 20 முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் ஒருவருக்கு 20 இருந்து, 21 முறையைத் தொட்டவை 21 இல்லாமல் இருந்தால், அவருடைய எச்-இன்டெக்ஸ் 20 ஆகும். கணக்கு எளிதுதான், ஆனால் எந்தத் தளத்தில் பார்த்தது என்று சொல்லாமல் அந்த எண்ணை மட்டும் சொல்வதில் பொருளில்லை. அண்மையில் ஒரே நாளில் பார்த்தபோது எனக்கு ஸ்காலரில் 21, ஸ்கோபஸில் 16, வெப் ஆஃப் சயின்ஸில் 14 என்று இருந்தது. மூன்றுமே அந்தந்தத் தளத்தின் வரையறைப்படி சரியானவை. ஆய்வேடுகள், முன்பதிப்புகள் (ஆய்விதழில் வெளிவருமுன் இணையத்தில் இடப்படும் கட்டுரை வடிவங்கள்) முதலியவற்றில் வரும் மேற்கோள்களையும் ஸ்காலர் தாராளமாகச் சேர்த்துக்கொள்கிறது. மற்ற இரண்டும் தாம் தேர்ந்தெடுத்த வெளியீடுகளுக்குள் நின்று எண்ணுகின்றன. ஆகவே விண்ணப்பங்களில் எண்ணோடு தளத்தின் பெயரையும் பார்த்த தேதியையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான்காம் ஆண்டில் நேர்ந்ததைச் சொல்லியாக வேண்டும். நான் கணக்கு வைத்திருந்த தளம் ஒன்றில் புதிய கட்டுரைகள் தாமாகவே பட்டியலில் சேரும்படி விட்டிருந்தேன். ஒரு நாள் 12 ஆக இருந்த எச்-இன்டெக்ஸ் 15 ஆகியிருப்பதைக் கண்டு பட்டியலைக் கீழே நகர்த்திப் பார்த்தால், சிறுநீரகத்துக்கும் டயாலிசிஸுக்கும் நடுவே கான்கிரீட் கலவையின் அமுக்க வலிமையைப் பற்றிய கட்டுரை ஒன்று நின்றது. என் குடும்பப் பெயரும் முதலெழுத்தும் அப்படியே கொண்ட ஒரு பொறியாளரின் ஏழு கட்டுரைகள் என் கணக்கில் ஏறியிருந்தன. அந்த எண்ணை அதற்குள் ஒரு விண்ணப்பத்தில் எழுதி அனுப்பியிருந்ததால், திருத்தக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. அன்று முதல் ஒவ்வொரு கட்டுரையையும் பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகே சேர்க்கிறேன். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனி அடையாள எண் வழங்கும், 2012இல் தொடங்கப்பட்ட ஆர்க்கிட் (ORCID) அமைப்பு தரும் 16 இலக்க எண்ணை ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பும்போதே குறிப்பிட்டுவிடுவது இத்தகைய பெயர்க் குழப்பத்தைப் பெரிதும் குறைத்திருக்கிறது. ஆய்வுத் துறைக்குப் புதிதாக வருவோர் முதல் கட்டுரைக்கு முன்பே அதைப் பெற்றுக்கொள்வது நல்லது.

முன்பதிப்பும் ஆய்விதழ்ப் பதிப்பும் தனித்தனிப் பதிவுகளாக நிற்பது இன்னொரு தொல்லை. அப்படி நின்ற ஒன்றில் 23 மேற்கோள்களும் மற்றொன்றில் 41 மேற்கோள்களும் இருந்தன. இரண்டையும் மேற்கோள் காட்டியவர்கள் சிலர் இருந்ததால், இணைத்தபோது கிடைத்தது 64 அன்று, 58.

என் கட்டுரைகளில் மிக அதிகமாக மேற்கோள் பெற்றது, பிறர் ஆய்வுகளைத் தொகுத்து எழுதிய ரிவ்யூ கட்டுரை. நோயாளிகளை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்து செய்த ஆய்வுக்குக் கிடைத்தது அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இந்த ஏற்றத்தாழ்வு மருத்துவ ஆய்வில் வழக்கமானதே என்றாலும், மொத்த எண்ணிக்கையைக் கொண்டு ஒருவரின் உழைப்பை எடை போடுவது தவறு என்று நான் உறுதியாகக் கருதுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தப் பின்தொடர்தல் ஆய்வைச் சுட்டிய 38 கட்டுரைகளையும் சென்ற ஆண்டு ஒவ்வொன்றாகத் திறந்து படித்தேன். பெரும்பாலானவை முன்னுரையில் நான்கைந்து பெயர்களோடு என் பெயரையும் அடுக்கிவிட்டுக் கடந்து சென்றிருந்தன. சில எங்கள் முறையைப் பின்பற்றியிருந்தன. ஒன்று மட்டும் எங்களை மறுத்திருந்தது: தசை மெலிந்த முதியவர்களிடம், தசையிலிருந்து இரத்தத்தில் சேரும் கழிவுப்பொருளான கிரியாட்டினினை மட்டும் வைத்துச் சிறுநீரகச் செயல்திறனைக் கணக்கிட்டால் உண்மையைவிடக் கூடுதலாகவே காட்டும் என்று அது சொன்னது. அந்த மறுப்பு சரியானது. தளத்தின் கணக்கில் அதுவும் மற்றவற்றைப் போல ஒரு மேற்கோள்தான். ஆனால் இப்போது நடத்திவரும் ஆய்வில் எல்லா நோயாளிகளுக்கும் கிரியாட்டினினோடு, தசையின் அளவை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின்-சி என்ற இரத்தப் புரதத்தின் அளவையும் எடுத்துவருவது அதைப் படித்ததனால்தான்.