மோசடி லெட்டர்: முழுப் படமா, வெட்டின துண்டா?

மத்தவங்களை எச்சரிக்க, நமக்கு வந்த மோசடி லெட்டரை முழுசா ஸ்கேன் பண்ணி போடுறதா, இல்ல ரெண்டு வரியை வெட்டி விளக்கத்தோட போடுறதா? எழுதினவன் திருடனா இருந்தாலும் எழுத்துக்கு காப்பிரைட் உண்டு, ஆனா கேஸ் போடணும்னா பேரைச் சொல்லிட்டு வெளிய வரணுமே, எங்க வருவான்! அடுத்தவர் எழுத்தை அனுமதி கேக்காம எடுத்தது நியாயமான்னு முடிவு பண்ண, அமெரிக்க காப்பிரைட் சட்டம் 107வது பிரிவுல நாலு விஷயம் பாக்குறாங்க, எதுக்கு எடுத்தே, என்ன மாதிரி எழுத்து, எவ்வளவு எடுத்தே, அதோட மார்க்கெட் கெடுதான்னு. இதுக்கு ஏது மார்க்கெட்? துண்டு போட்டா இன்னும் சேஃப் தான், ஆனா போலி சீல், கோணல் லோகோ எல்லாம் முழுப் படத்துல தானே தெரியும். என் ஓட்டு முழுப் படத்துக்கு, அட்ரஸ், பார்கோடை மட்டும் கருப்படிச்சிடுங்க. வேற ஒருத்தர் அம்புக்குறி போட்டு விளக்கி வச்ச படத்தை அப்படியே சுட்டுட்டு வந்தீங்கன்னா அது தான் வம்பு, அவர் ஒளிஞ்சிட்டு இருக்கிற ஆள் இல்ல.